கோப்புகள் எங்கே போயின?

எழுத்து அழிந்தால் நூல் அழியும். அதனைப் படிக்கும் முறை மறைந்தாலும் நூல் அழிந்ததற்கே ஒப்பாகும். கணினி வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு.

தட்டிலே எக்கோப்பு எவ்விடத்தில் உள்ளதெனக் காட்டும் ஒழுங்கே கோப்பு முறைமை எனப்படும். அப்பிள் நிறுவனம் 1985 ஆம் ஆண்டில் தன் மக்கின்ரொஷ் கணினிகளுக்கென எச்.எப்.எஸ். என்னும் முறைமையை வகுத்தது. ஒரு தட்டினை 65,535 கூறுகளுக்கு மேல் பகுக்க அதனால் இயலாது. தட்டுகள் பெருகப் பெருகக் கூறுகளும் பருத்தன. சிறு கடிதமொன்றும் பேரறையொன்றை அடைத்துக்கொண்டது. இக்குறையை நீக்கவே 1998 இல் எச்.எப்.எஸ். பிளஸ் தோன்றியது.

புதிய தட்டினைப் பழைய இயக்க முறைமையில் இட்டால் யாது நிகழும்? அமைத்தோர் அதனையும் எண்ணிப் பார்த்தனர். பழைய முறைமையிலான உறையொன்றினுள் புதியதைப் பொதிந்தனர். அங்கு, 'என் கோப்புகளெல்லாம் எங்கே போயின?' என்னும் பொருள்படும் பெயருடைய கோப்பொன்று தென்பட்டது. அதனுள்ளே காரணம் விளக்கப்பட்டிருந்தது.

பழைய தட்டுகளுக்கோ பின்னாளில் இவ்வுபசாரம் கிட்டவில்லை. 2009 இல் வெளியான இயக்க முறைமை அவற்றில் எழுதும் வசதியை நீக்கியது; 2019 இல் வெளியானது வாசிக்கும் வசதியையும் நீக்கியது. தட்டிலே கோப்புகள் அப்படியே இருப்பினும் புதிய கணினி அவற்றை அறியாது. மீட்க விரும்புவோர் பழைய கணினியைப் பேணவேண்டும். அன்றேல் லினக்ஸ் போன்ற பிற முறைமைகளில் அமைந்த வாசிப்பு நிரல்களை நாடவேண்டும்.

புதுமனை புகுவோர், பழைய மனையின் திறவுகோலைக் கையளிக்குமுன் பெட்டகங்களை எடுத்தாயிற்றா எனப் பார்த்தல் நன்று.