ஆய்வுக் கட்டுரைக்குக் காசு கேட்குதா? கார்டை எடுக்கும் முன் இதைப் படிங்க

வேலைக்காக ஓர் ஆய்வுக் கட்டுரை தேடுறீங்க. சுருக்கம் மட்டும் தெரியுது. முழுசாப் படிக்கப் பணம் கேட்குது. என்ன செய்யலாம்?

மத்திய அரசின் 'ஒரே நாடு, ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரி 1-ல் தொடங்கியது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களை இதில் இலவசமாகப் படிக்கலாம். ஆனால், அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு மட்டுமே.

தனியார் நிறுவன ஊழியரா? கூகுள் ஸ்காலரில் கட்டுரைத் தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்க. முடிவின் கீழே 'வெர்ஷன்ஸ்' என்று முடியும் இணைப்பைத் தட்டினால், ஆசிரியரே பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றிய இலவசப் பிரதி கிடைக்கலாம். மருத்துவத்துக்கு பப்மெட் சென்ட்ரல், இந்திய பிஎச்.டி ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா இருக்கு.

எதிலும் இல்லையா? கட்டுரையாளருக்கே மின்னஞ்சலில் கேளுங்க. பலர் மறுக்காம அனுப்புவாங்க.