காய்ச்சல் காலம் – 7: பூசாரி வீட்டுக் கஞ்சி

1918 செப்டம்பரில் சென்னையில் வெடித்த அரிசிக் கலகத்தை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் கொல்லிமலை ஏறிவிட்டு வருவோம்.

தேவனூர் நாடு, வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு என்று நாடு நாடாகப் பிரிந்து கிடக்கும் மலை. இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறுகிறது. அன்று கால்நடைதான், வசதியிருந்தால் டோலி. சாமையும் கேழ்வரகும் விளைத்த மலையாளிப் பழங்குடிகளுக்கு ஆஸ்பத்திரி என்றால் மலையிறங்க வேண்டும்.

அங்கே குடியேறியவர் கிறிஸ்தவ மிஷனரி ஜெஸ்ஸி பிராண்ட். டாக்டர் அல்ல, லண்டன் லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஓராண்டு வெப்பமண்டல வைத்தியம் படித்தவர். 1913இல் எவ்லினைக் கைப்பிடித்து, அந்தக் கல்யாணக் கோலத்திலேயே கொட்டும் மழையில் மலையேறினார். பல் பிடுங்கினார், நரம்புச் சிலந்தியை உருவி எடுத்தார், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார். மதம் மாற்றத்தான் வந்தார், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவரும் மாறவில்லை. உள்ளூர்ப் பூசாரி ஒருவரின் எதிர்ப்பு அவ்வளவு பலமாக இருந்தது.

பிறகு 1918இன் விஷக்காய்ச்சலான இன்ஃபுளுவென்சா மலைக்கும் வந்தது. வீடு முழுக்கப் படுத்துவிட்டால் அடுப்பு மூட்ட ஆளில்லை. பிராண்ட் தம்பதி அரிசிக் கஞ்சி காய்ச்சிக் குடிசை குடிசையாகக் கொண்டுபோய் ஊட்டினார்கள். பூசாரியும் மனைவியும் விழுந்தபோது அக்கம்பக்கத்தார் அஞ்சி ஒதுங்கினார்கள். வாசலேறி வந்தவர்கள் இந்த இருவர்தான். சாகும் தறுவாயில் பூசாரி தன் பெண்குழந்தையை இவர்களிடமே ஒப்படைத்தார். இந்தத் தொடரில் எனக்கு நாயகர் என்று ஒருவர் உண்டென்றால் அது பிராண்ட்தான். பகைத்த மனிதருக்கும் கஞ்சி கொண்டுபோனவர். 1929இல் மலேரியா முற்றி அதே மலையில் இறந்தார். எவ்லின் முதுமையிலும் மலைக்குத் திரும்பி, 1974இல் இறக்கும்வரை ஊர் ஊராகப் போனார். அவர்கள் மகன் பால் பிராண்ட்தான் வேலூரில் தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளை அறுவைச் சிகிச்சையால் இயங்கவைத்தவர்.

கஞ்சியைப் பற்றி இவ்வளவு எழுதக் காரணம் உண்டு. மனிதரைத் தாக்கும் இன்ஃபுளுவென்சா வைரஸைப் பிரித்தெடுத்ததே 1933இல்தான். 1918இல் அதற்கு லண்டனிலும் மருந்தில்லை, கொல்லியிலும் இல்லை. வெந்நீர், கஞ்சி, கம்பளி, பக்கத்தில் ஓர் ஆள் – பலரைப் பிழைக்கவைத்தவை இவைதான். இவற்றைப் பங்கிட்டது நோயல்ல. சாதியும் கூலியும் குடியிருப்பும்.

1918இன் பம்பாய் நகரத்துக் கணக்கைப் பாருங்கள். ஆயிரம் பேருக்கு ஐரோப்பியர் 8.3, பார்சிகள் 9 பேர் மாண்டார்கள். சாதி இந்துக்கள் 18.9, முஸ்லிம்கள் 19.2. தாழ்த்தப்பட்டோர் 61.6! ஒரே நகரம், ஒரே கடற்காற்று. நெருக்கியடித்த குடியிருப்பில், அன்றைய கூலி போனால் அன்றைய சோறு போச்சு என்றிருந்தவர்களை மூன்று மடங்குக்கு மேல் வாரிக்கொண்டு போனது. நாடு முழுக்க ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் செத்தார்கள். நோயாளிக்குப் பணிவிடை செய்தவர்கள் அவர்கள், கடைசியில் மிச்சத்தைத் தின்றவர்களும் அவர்களே.

அந்த ஆண்டு பருவமழையும் பொய்த்தது. டாக்டர்களில் பலரைப் போர்முனைக்கு அனுப்பிவிட்ட சர்க்கார், ஏறிய அரிசி விலையையும் கட்டுப்படுத்தவில்லை. இந்தியாவில் செத்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல் என்கிறார்கள் மக்கள்தொகை ஆய்வாளர்கள். இதை இயற்கையின் சீற்றம் என்று மட்டும் எழுதிவைத்த அதிகாரிகளை நான் மன்னிக்கத் தயாரில்லை.

சென்னையில் அரிசிக் கடைகள் சூறையாடப்பட்ட கதை அடுத்த வாரம்.

(தொடரும்)