துரத்தப்பட்டவர்களின் தேவன்: மலையகத் தோட்டங்களில் தேவ தயவு என்ற நம்பிக்கையின் வரலாறு

இலங்கை மலையகத்துக்குள் புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவம் துரையின் அனுமதியோடுதான் நுழைந்தது. கோப்பித் தோட்டத் துரைமார் சிலரின் ஆதரவோடு சர்ச் மிஷனரி சங்கம் 1854இல் தொடங்கிய அமைப்புக்குத் ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்று பெயர். திருநெல்வேலியில் ஊழியம் செய்துவந்த செப்டிமஸ் ஹொப்ஸ் அதன் முதல் பொறுப்பாளர். உபதேசியார்களும் திருநெல்வேலிப் பக்கமிருந்தே வரவழைக்கப்பட்டார்கள். கடவுளின் தயவு எப்படிப்பட்டது என்று அந்த உபதேசியார்கள் தொழிலாளர் குடியிருந்த லயங்களில் சொன்ன விடையும், அதைக் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு நாடற்றவர்களாக்கப்பட்டபோது கண்ட விடையும் ஒன்றல்ல. இடையில் நடந்த மாற்றமே இக்கட்டுரையின் பொருள்.

மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுப் பாதையில் நடந்து வந்தவர்கள் மலையகத் தமிழரின் முன்னோர். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். டிக்கோயாவில் 1878இல் கட்டப்பட்ட வார்லி கிறிஸ்து ஆலய வளவுக்குள் போனால் துரைமாரின் கல்லறைகளில் பெயரும் ஆண்டும் இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன. அந்தக் காட்டுப் பாதையில் செத்தவர்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. மலையகத்தில் இறையியல் எழுத விரும்புகிறவர் இந்த இரண்டு சாவுகளையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும்.

உபதேசியாரின் நிலையும் எளிதானதல்ல. விடியலில் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, பிறகு மாலை வரை மலை. வேலை முடிந்து கொழுந்து நிறுத்து வீடு திரும்பியவர்களிடம்தான் அவர் பேச முடியும்; அதுவும் துரையும் பெரிய கங்காணியும் மறுக்காத தோட்டங்களில். கடனைக் குறித்த ‘துண்டு’ இல்லாமல் தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக முடியாத காலம் அது. அந்த முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. அப்படிப்பட்ட இடத்தில், துரைமாரின் ஆதரவில் நடந்த மிஷன், பொறுமையையும் மறுமையின் ஆறுதலையும் தாண்டிப் பேசத் துணிந்திருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஆனாலும் அந்த ஆறுதலை வெறும் ஏமாற்று என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. பெயர்ப் பட்டியலில் ஓர் எண்ணாக இருந்தவனை உபதேசியார் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், அவன் பிள்ளைக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தார். அது சிறிய காரியமல்ல.

கத்தோலிக்கரின் கதை வேறு. அவர்களில் பலர் தமிழ்நாட்டிலேயே கத்தோலிக்கராக இருந்தவர்கள். அந்தோனியாரையும் வேளாங்கண்ணி மாதாவையும் மூட்டையோடு கொண்டுவந்தவர்கள். கண்டி 1883இல் தனி மறைவட்டாரமாகி, சில்வெஸ்திரின் பெனடிக்ற் துறவிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆனால் தோட்டத்துச் சிற்றாலயத்தில் செபமாலை சொல்லி விசுவாசத்தைக் காத்தது பெரும்பாலும் தொழிலாளக் குடும்பங்களே. தோட்ட மக்களில் பெரும்பான்மையினர் அன்றும் இன்றும் இந்துக்கள். மாரியம்மன் கோவிலும் மாதா கெபியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் தோட்டங்களில், கஷ்டம் எல்லோருக்கும் ஒன்றாகவே வந்தது.

1948 வந்தபோதும் அப்படித்தான். முந்திய ஆண்டுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளை வென்றிருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும், இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயத்துக் காம்பராவில் பிறந்தவர்களுக்குச் சான்று ஏது? அடுத்த ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்கையும் பறித்தது. 1949இன் இந்திய, பாகிஸ்தானியர் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏறத்தாழ 1,34,000 பேருக்குத்தான் பிரஜாவுரிமை கிடைத்தது. 1964 ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றார்கள். அண்ணன் ஏற, தங்கை மேடையில் நின்று மாரடித்து அழுதாள்.

இங்கேதான் வேதத்தை வாசிக்கும் விதம் மாறியாக வேண்டியிருந்தது. ஆகாரின் கதையை எடுத்துக்கொள்வோம். ஆபிரகாமின் வீட்டு அடிமைப்பெண் அவள். ஆதியாகமம் 16ஆம் அதிகாரத்தில், கொடுமை தாங்காமல் ஓடியவளை நாச்சியாரிடமே திரும்பிப்போய் அடங்கியிருக்கச் சொல்கிறான் தேவதூதன். 21ஆம் அதிகாரத்தில் அவள் ஓடவில்லை, துரத்தப்படுகிறாள். தண்ணீர் தீர்ந்து, பிள்ளையைச் செடியின்கீழ் விட்டு அழுகிறாள். இந்த முறை திரும்பிப் போ என்ற கட்டளை இல்லை. கண் திறக்கிறது, எதிரே துரவு தெரிகிறது, பிள்ளைக்கு ஒரு சந்ததியின் எதிர்காலம் வாக்களிக்கப்படுகிறது. என் வாசிப்பில், மிஷன் காலத்துப் போதனை முதல் அதிகாரத்தோடு நின்றுவிட்டது. 1948க்குப் பிறகு மலையகம் இரண்டாவதில் வாழ்ந்தது. திருச்சபைகளுக்கு அது உறைக்கக் கால் நூற்றாண்டு ஆயிற்று.

உறைக்கவைத்ததில் பசிக்கும் பங்குண்டு. 1973, 74இல் பங்கீட்டு மாவும் அரிசியும் குறைந்து தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் (1925–2017) 1972இல் கண்டியில் சத்யோதய நிலையத்தைத் தொடங்கியிருந்தார். சிங்களவரும் தமிழரும், பௌத்தரும் இந்துக்களும் கிறிஸ்தவரும் ஒன்றாக இருந்து வேலைசெய்த இடம் அது. நாடற்றோரின் உரிமைக்காக அவர் கடைசிவரை எழுதினார், பேசினார். அதே 1972இல், 1959 முதல் கண்டியின் ஆயராக இருந்த லியோ நாணயக்கார, புதிதாகப் பிரிக்கப்பட்ட பதுளை மறைமாவட்டத்துக்குப் போனார். கண்டியோடு ஒப்பிட்டால் பதுளை சிறியது, வசதி குறைந்தது. குருமாணவர் மக்களோடு வாழ்ந்து கற்க வேண்டும் என்று அவர் பண்டாரவளையில் அமைத்த சேவக செவன, பயிற்சியையே கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் கொண்டுபோனது. இருவருமே தமிழர் அல்லர் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தேவ தயவு துரத்தப்பட்டவன் பக்கம் சாய்கிறது என்று நம்பியவர்கள் தங்கள் இருப்பிடத்தையே மாற்றிக்கொண்டார்கள்.

அந்தக் காலத்தின் கூர்மையை ஒரு சம்பவம் காட்டும். நுவரெலியா மாவட்டத் தோட்டக் காணி 7,000 ஏக்கரைப் பிரித்தெடுக்கும் திட்டத்துக்கு எதிராகத் தொழிலாளர் கிளர்ந்தபோது, 1977 மேயில் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிஸ் சூட்டில் இறந்தார். அவருடைய சாவு மலையகத்துக்கே பொதுவானது. அதைத் தொடர்ந்த 1977, 1981, 1983 வன்செயல்களில் லயங்கள் எரிந்தன. ஏராளமானோர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் ஓடினார்கள்.

1980களுக்குப் பிந்திய பெந்தெகொஸ்தே சபைகளின் பரவலை ஆய்வாளர் பலர் அலட்சியமாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் தகரக் கூரை ஜெபவீட்டில் சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர்களில் பெண்களே அதிகம். தொழிற்சங்கக் கூட்டத்தில் தலைவர் பேசக் கேட்டுப் பழகிய கொழுந்துக்காரி, அங்கே மைக்கைப் பிடித்து, புருஷன் குடியை விட்டதையும் பிள்ளை சோதனையில் தேறியதையும் தன் வாயாலேயே சொல்கிறாள். கடவுள் தன்னைக் கண்டார் என்பதுதான் அவளுடைய சாட்சி. அதே நேரத்தில், கஷ்டம் தீரவில்லையென்றால் விசுவாசம் போதவில்லை என்று அவளிடமே சொல்லும் பிரசங்கம், அன்றைய துரையின் வேலையை இன்று செய்கிறது. நாட்கூலி குறைவதற்கு விசுவாசக் குறைவு காரணமல்ல.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு நாடற்ற நிலை சட்டப்படி முடிந்தது. முன்னோர் வந்ததன் இருநூறாண்டு நினைவாக, 2023 ஜூலை 28இல் தொடங்கித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தார்கள். கிறிஸ்தவ அமைப்புகளும் பிறரோடு சேர்ந்து அந்த நடையை நடத்தின. காணியும் வீட்டுறுதியும் பெரும்பாலான தோட்டக் குடும்பங்களுக்கு இன்னும் இல்லை. புறக்கணிப்பைக் கடவுள் அனுப்பியதாக இந்த வரலாற்றில் எங்கும் எனக்குத் தெரியவில்லை; புறக்கணிக்கப்பட்டவர்களோடு அவர் நின்றதற்குச் சாட்சிகள் உண்டு.

அந்தச் சாட்சிகளில் எழுதப்பட்டவை சிறுபான்மை. மிஷன் அறிக்கைகள் நிதி கொடுத்தவர்களுக்காக ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை; தொழிலாளியின் பெயர் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகளில்தான். மலையகத்துக் குருமாரும் போதகர்களும் ஈரத்தில் உளுத்துக்கொண்டிருக்கும் அந்தப் பதிவேடுகளைப் படமெடுத்துப் பாதுகாக்க வேண்டும். ஒப்பாரிக் கோச்சியை வழியனுப்பியவர்களும் எழுபத்துநாலின் பசியை அறிந்தவர்களும் உயிரோடிருக்கும்போதே அவர்களிடம் போய்க் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.