யார் சொன்ன எண்? வெண்ணந்தூர்க் கர்ப்பிணிகளும் புகையிலைக் கேள்வியும்

கர்ப்பிணிகளின் புகைப்பழக்கத்தைக் கைப்பேசி வழியாக நிறுத்தலாம் என்று வாதிடுவோர் தமிழ்நாட்டைப் பற்றிப் பேச வரும்போது பெரும்பாலும் ஒரே தாளைத்தான் விரிக்கிறார்கள். அது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின் (2019-21) மாநிலத் தகவல் தாள். 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் ஏதேனும் ஒரு வகைப் புகையிலையைப் பயன்படுத்துவோர் 4.9 சதவீதம் என்கிறது அது. தாமே பயன்படுத்தும் கைப்பேசி உள்ள பெண்கள் 74.6 சதவீதம். சிக்கல் சிறியது, கருவி கைவசம் இருக்கிறது, குறுஞ்செய்தியை அனுப்ப வேண்டியதுதான் பாக்கி என்ற முடிவுக்கு இதிலிருந்து வந்துவிடுகிறார்கள். இந்த வாசிப்போடு எனக்கு உடன்பாடில்லை.

ஒரே தாளில் அச்சாகியிருந்தாலும் இரண்டு எண்களும் வெவ்வேறு வாய்களிலிருந்து வந்தவை. கைப்பேசிக் கேள்வி 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிடம் நேரில் கேட்கப்பட்டது. புகையிலை எண்ணோ வீட்டு வினாத்தாளிலிருந்து எடுத்தது. வீட்டில் யாரோ ஒருவர் எல்லாருக்குமாகச் சொன்ன பதில் அது.

வெண்ணந்தூர் என்ற நெசவு ஊரில் தறி ஓடும் ஒரு வீட்டை எண்ணிப்பாருங்கள். கணக்கெடுப்பவர் வரும்போது திண்ணையில் இருப்பவர் மாமியாராக இருக்கலாம். தன் சுருக்குப்பையில் இருக்கும் போயிலையை அவர் மறைக்க மாட்டார். அந்த வயதில் அது ஒரு குறையில்லை. மசக்கையில் வாய் ஊறுகிறது என்று மருமகள் ஒரு துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரிந்தாலும் வெளியாளிடம் சொல்வாரா? 4.9 என்பது பெருமளவு பாட்டிகளின் கணக்கு என்று நான் கருதுகிறேன். கருவுற்ற பெண்களுக்கு அது கூடுதலா குறைவா என்று அந்தத் தாளைக் கொண்டு நிறுவ முடியாது. குறைவாகவே காட்டுகிறது என்பது என் ஊகம். இளம்பெண்களிடம் இப்பழக்கம் அருகிவருகிறது என்று சிலர் மறுக்கக்கூடும். அருகட்டும், மிஞ்சியிருப்பவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்விக்கு அது பதிலாகாது.

கேள்வியின் சொல்லிலும் ஒரு கோளாறு இருக்கிறது. அரசுத் தமிழில் 'புகையில்லாப் புகையிலை' என்றொரு தொடர் உண்டு. அதை மொழிபெயர்த்தவர் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்திருக்கலாம். 'புகையிலைப் பயன்பாடு உண்டா?' என்றால் காதில் விழுவது புகைதான். 'அய்யே, அதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரமுங்க' என்பதே இயல்பான பதில். அந்தப் பதிலில் பொய் இல்லை. போயிலையை இங்கே யாரும் 'பயன்படுத்துவதில்லை', போடுகிறார்கள்.

பழக்கத்தை அளக்கும் கருவியும் இதே பிழையைத்தான் செய்கிறது. இங்கிலாந்தில் கர்ப்பிணி முதன்முதலாகப் பதிவுக்கு வரும்போதே மூச்சை ஊதச்சொல்லி கார்பன் மோனாக்சைடை அளக்கிறார்கள். புகைக்கும் பெண்களுக்கு அது பொருத்தமான கருவி. போயிலை அடக்கிய வாயிலிருந்து ஊதினால் அந்த எண் ஏறாது, ஏனென்றால் அங்கே எதுவும் எரியவில்லை. நிகோட்டின் உடலில் சிதைந்து உண்டாகும் கோட்டினினைச் சிறுநீரில் தேடினால் இரண்டும் அகப்படும். ஊதும் கருவியை அப்படியே இறக்குமதி செய்தால், போயிலை போடும் பெண் 'சுத்தம்' என்ற சான்றோடு வீடு திரும்புவாள்.

பாதிப்பு சிறிதல்ல. மும்பையில் 1,217 பெண்களைப் பின்தொடர்ந்து 2004இல் வெளியான ஆய்வில், மெல்லும், தேய்க்கும் புகையிலையைப் பயன்படுத்தியவர்களின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்தும் 6 நாள் முன்னதாகவும் பிறந்தன. அங்கே பெரும்பாலும் பல்லில் தேய்க்கும் மிஷ்ரி, இங்கே வாயில் அடக்கும் போயிலை. அளவு வேறாக இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நிகோட்டின் ஒன்றுதான்.

இனி கைப்பேசி. புகையிலையை விட உதவ மத்திய அரசு 2016 ஜனவரியில் தொடங்கிய திட்டத்தில் தவறிய அழைப்பு ஒன்று கொடுத்தால் குறுஞ்செய்திகள் வரும். 1800-11-2356 என்ற உதவி எண் 2018 செப்டம்பர் முதல் புகையிலை உறைகளில் அச்சாகிறது. இரண்டுமே பழக்கத்தை விட விரும்பித் தானாக முன்வருபவருக்கானவை. பெட்டிக்கடையில் கட்டிலிருந்து கிள்ளித் தாளில் மடித்து வாங்கும் போயிலைக்கு உறை ஏது, எண் ஏது?

ஆனால் முன்வராதவரின் எண்ணும் அரசிடம் இருக்கிறது. கர்ப்பத்தைப் பதிவுசெய்து 'பிக்மி நம்பர்' வாங்கும்போது ஒரு கைப்பேசி எண்ணைக் கொடுக்க வேண்டும். அது பல வீடுகளில் கணவனுடையது. இதைப் பற்றி எழுதுவோர் அதைத் தடையாகவே பார்க்கிறார்கள். எனக்கு இது வாய்ப்பாகத் தெரிகிறது. அதே தகவல் தாளில் ஆண்களின் புகையிலைப் பயன்பாடு 20.1 சதவீதம். தறிக்கூடத்திலிருந்து வந்து வாசலில் பீடி பற்றவைப்பவனின் கையில்தான் அந்தக் கைப்பேசி இருக்கிறது. கர்ப்பிணியின் மூச்சில் கலக்கும் புகை அவனுடையது. அதை நிறுத்தச் சொல்லும் செய்தி அவனிடம் போவதுதான் முறை.

போயிலைச் செய்தி மட்டும் அந்த எண்ணுக்குப் போகக்கூடாது. மனைவி ரகசியமாகச் செய்வதைக் கணவனுக்குப் போட்டுக்கொடுப்பதாக அது முடியும். அதைக் கிராமச் சுகாதாரச் செவிலியர்தான் தனியாகக் கேட்க வேண்டும். கேட்பதோடு, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கும் இந்தப் பதிலுக்கும் தொடர்பில்லை என்று முதலிலேயே சொல்லிவிடவும் வேண்டும். பணத்துக்கு வழிவிடும் பதிவேட்டில் தன் குறையை யாரும் எழுதச் சொல்ல மாட்டார்கள். செவிலியருக்கு வேலைப்பளு கூடும் என்பார்கள். இரண்டு கேள்விதான் கூடும்.

முதல் கேள்வியை மாமியார் காதுபடக் கேட்கலாம்: 'ஊட்டுல யாரும்மா பீடி குடிக்கிறது?' இரண்டாவதை, எடை பார்க்கும் அறையில் கதவைச் சாத்திவிட்டு: 'வாய் ஊறுதுன்னு போயிலை போடுறியா, கண்ணு?'