நெற்றித் தோலில் பிறந்த மூக்கு

முகச்சுருக்கம் நீக்கும் அறுவைச் சிகிச்சையை மேல்நாட்டு மோகம் என்று ஒதுக்குவது சரித்திரத்துக்குப் பொருந்தாது; தோலைத் திருப்பி முகத்தைச் சீராக்கும் அறுவை இங்கேயே இருந்தது. மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜியின் மூக்கைத் திப்புவின் ஆட்கள் அறுத்தனர். புனே பக்கம் நாட்டு வைத்தியர் ஒருவர், மெழுகில் அளவெடுத்து, நெற்றித் தோலை, ரத்தம் தரும் காம்பு அறாமல் திருப்பி மூக்காக்கினார். அறுவைக்குப் பின் நோயாளி முதல் சில நாட்கள் மல்லாந்தே கிடக்க வேண்டும். ஏறத்தாழ இருபத்தைந்தாம் நாள்தான் காம்பை அறுப்பார்கள். 1794 அக்டோபரில் லண்டன் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதை வெளியிட்டது. 1814-இல் அறுவை மருத்துவர் ஜோசப் கார்ப்யூ அதே முறையை அங்கே செய்து காட்டினார்.

மூக்கு அறுவை இழந்ததை மீட்பது, முகச்சுருக்கம் நீக்குவது அழகுக்கானது என்பார்கள். நோக்கம் வேறுதான், ஆனால் தோலின் நியதி ஒன்றே: ரத்தம் எட்டாத தோல் கருகும். அதனால்தான், தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும் புகைப்பழக்கத்தை முன்கூட்டியே நிறுத்தச் சொல்கிறார்கள். முகச்சுருக்கம் நீக்கிய பின் வரும் வீக்கமும் கன்றலும் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் வடியும். காதோர மரத்துப்போதல் மாதக்கணக்கில் நீடிக்கலாம்.