ஒரு மொழியை மூடி வைத்தால் இன்னொன்று வளருமா?

"வீட்டில் தமிழ் கதைத்தால் பிள்ளைக்கு ஆங்கிலம் வராது." வெளிநாட்டுக்கு வந்த புதிதில் நம்மில் பலருடைய பெற்றோர் கேட்ட அறிவுரை இது. ஒரு மொழி இன்னொரு மொழியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்ற எண்ணம்தான் இதற்கு அடிப்படை. அந்த எண்ணத்தால் நம்மைவிடப் பல மடங்கு பாதிக்கப்பட்டவர்கள் காது கேளாத பிள்ளைகள். அது தவறு என்று காட்டியதில் அவர்களுடைய சைகை மொழிக்குப் பெரிய பங்கு உண்டு.

மிலான், 1880

1880 செப்டம்பரில் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்வி பற்றிய சர்வதேச மாநாடு கூடியது. வந்திருந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் காது கேட்பவர்கள். கற்பிப்பதற்குச் சைகையைவிடப் பேச்சே மேலானது என்று அவர்கள் தீர்மானித்தார்கள். இன்னொரு தீர்மானமும் போட்டார்கள்: பேச்சையும் சைகையையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் பேச்சும் உதட்டசைவை வாசிக்கும் திறனும் கெடும், சிந்தனையின் தெளிவும் குறையும்.

அதன்பின் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலான பள்ளிகள் வகுப்பறையிலிருந்து சைகையை விலக்கின. காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். சைகை செய்த பிள்ளைகளின் கையில் அடி விழுந்தது. ஆனாலும் விடுதியிலும் விளையாட்டு மைதானத்திலும் பிள்ளைகள் சைகையில் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள்.

சைகைக்கும் இலக்கணம் உண்டு

1955இல் வில்லியம் ஸ்டோக்கோ என்ற ஆங்கில ஆசிரியர் வாஷிங்டனில் உள்ள கலாடெட் கல்லூரிக்கு வந்தார். காது கேளாதவர்களுக்கான கல்லூரி அது. மாணவர்களின் சைகைகளைக் கவனித்தபோது அவற்றில் ஓர் ஒழுங்கு இருப்பது அவருக்குத் தெரிந்தது.

'கல்' என்பதில் முதல் ஒலியை மாற்றினால் 'பல்' ஆகிவிடுகிறது அல்லவா? அமெரிக்கச் சைகை மொழியிலும் அப்படித்தான். ஒரே கை வடிவம், ஒரே அசைவு. அதை நெற்றியருகே செய்தால் 'கோடை', மூக்கருகே செய்தால் 'அசிங்கம்', நாடியருகே செய்தால் 'உலர்ந்தது'. 1960இல் ஸ்டோக்கோ இந்த அமைப்பைப் பற்றி எழுதினார். சக ஆசிரியர்களே அவரைக் கேலி செய்தார்கள். 1965இல் டொரத்தி காஸ்டர்லைன், கார்ல் குரோன்பெர்க் என்ற காது கேளாத இருவருடன் சேர்ந்து அந்த மொழிக்கு ஓர் அகராதியையும் வெளியிட்டார்.

மூளை என்ன சொன்னது?

பேச்சுக்கு மூளையின் இடது பக்கம் முக்கியம் என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். சைகையோ கண்ணால் பார்ப்பது, வெளியில் வரைவது போன்றது. அப்படியானால் அதைக் கவனிப்பது வலது பக்கமாக இருக்குமோ?

ஹோவர்ட் பாய்ஸ்னர், எட்வர்ட் கிளிமா, உர்சுலா பெலூகி மூவரும் பக்கவாதம் வந்த காது கேளாதவர்களை ஆராய்ந்து 1987இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். வலது மூளை பாதிக்கப்பட்டவர்கள் ஒரு படத்தைப் பார்த்து வரையவே திணறினார்கள், ஆனால் சைகை மொழி சரளமாக வந்தது. இடது மூளை பாதிக்கப்பட்டவர்களுக்குச் சைகை மொழியே குலைந்தது. மொழி காது வழியாக வந்தாலும் கண் வழியாக வந்தாலும், மூளை அதை மொழியாகவே நடத்துகிறது.

இரண்டும் தெரிந்தவர்கள்

காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த, காது கேட்கும் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சைகை மொழி, வெளியே ஆங்கிலம். அம்மா அப்பாவுக்காகச் சின்ன வயதிலேயே மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுபவர்கள். இந்த வேலை நம்மில் பலருக்கும் தெரிந்ததுதான்.

நமக்கு ஒரே வாய். அதனால் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குத் தாவித்தான் ஆக வேண்டும். அவர்களுக்கு வாயும் இருக்கிறது, கைகளும் இருக்கின்றன. கேரன் எமரி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் கவனித்தபோது, அவர்கள் மொழி விட்டு மொழி தாவுவது குறைவு. ஒரு சொல்லை வாயால் சொல்லும்போதே கையாலும் சொன்னார்கள். சைகை மொழியில் 'இப்படி நடந்தால்' என்பதைச் சொல்லப் புருவத்தை உயர்த்துவார்கள். சைகை தெரியாதவரிடம் ஆங்கிலத்தில் பேசும்போதும் இவர்களின் புருவம் அதே இடத்தில் உயர்ந்தது. பயன்படுத்தாத நேரத்திலும் அந்த மொழி உள்ளே விழித்திருக்கிறது.

2012இல் வெளிவந்த எமரி குழுவின் ஆய்வில், சொல்லும் சைகையும் சேர்ந்து வந்தபோது இவர்கள் பொருளை இன்னும் விரைவாகப் புரிந்துகொண்டார்கள். 2018இல் இன்னொரு ஆய்வு, மூளையில் எழும் மெல்லிய காந்தப் புலத்தை அளந்து பார்த்தது. ஒரு மொழியை விட்டு இன்னொன்றுக்கு மாறும்போது மூளை எதற்குச் சிரமப்படுகிறது? புதிய மொழியைத் தொடங்குவதற்கு அல்ல. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மொழியை நிறுத்துவதற்குத்தான்.

இப்போது மிலானின் இரண்டாவது தீர்மானத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டையும் சேர்த்தால் சிந்தனை கெடும் என்றார்கள். நம்மிடமிருந்து தமிழை எடுத்தாலும் காதில் விழ ஆங்கிலமாவது இருந்தது. காது கேளாத பிள்ளையிடமிருந்து சைகையை எடுத்தபோது, இயல்பாக எட்டக்கூடிய ஒரே மொழியையே எடுத்துவிட்டார்கள்.

2010இல் கனடாவின் வான்கூவரில் அதே மாநாட்டுத் தொடரின் 21ஆவது கூட்டம் நடந்தது. சைகை மொழிகளைக் கல்வியிலிருந்து ஒதுக்கிய 1880ஆம் ஆண்டுத் தீர்மானங்களை அது நிராகரித்து, வருத்தமும் தெரிவித்தது. இடையில் 130 ஆண்டுகள் போயிருந்தன.

ஆங்கிலத்தில் பேசும்போது உங்களுக்குத் தமிழ்ச் சொல் ஒன்று குறுக்கே வந்தால், அதற்காகக் கூச்சப்பட வேண்டாம். நாளைக்கு உங்கள் தம்பி தங்கைக்கோ பிள்ளைக்கோ "ஒரு மொழி போதும்" என்று யாராவது அறிவுரை சொன்னால், இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள்.