பிபிசி இளம் இசைக்கலைஞர் போட்டி

பிபிசி இளம் இசைக்கலைஞர் போட்டி, 18 வயதைத் தாண்டாத கருவியிசைக் கலைஞர்களுக்காக பிரிட்டனில் நடத்தப்படும் மேற்கத்தியச் செவ்வியல் இசைப் போட்டி. 1978இல் தொடங்கியது. இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் இது தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகிறது. தந்தி, மரக்காற்று, பித்தளைக் காற்று, விசைப்பலகை, தாளம் எனப் பிரிவுகள் உண்டு. அவற்றில் வென்று இறுதிச் சுற்றை எட்டுவோர் முழு இசைக்குழுவுடன் ஒரு கான்செர்ட்டோ வாசிக்க வேண்டும்.

புகழ்பெற்ற பன்னாட்டுப் போட்டிகள் பலவற்றில் பியானோ பியானோவுடனும் வயலின் வயலினுடனும்தான் மோதும். இங்கே எல்லாக் கருவிகளும் ஒரே பட்டத்துக்குப் போட்டியிடுகின்றன. நடுவர்களுக்கு இது பெரும் சோதனை. ஆனால் போட்டியின் உயிர்ப்பே இதில்தான் இருக்கிறது. முதல் ஆண்டிலேயே பட்டம் வென்றவர் மைக்கேல் ஹெக்ஸ்ட். அவர் வாசித்தது டிராம்போன். இசைக்குழுவின் பின்வரிசையில் அமரும் அந்தக் கருவிக்குத் தனிக்கச்சேரி மேடை அரிதாகவே வாய்க்கும். அடுத்து 1980இல் ஓபோ வாசித்த நிக்கோலஸ் டேனியலும், 1984இல் கிளாரினெட் கலைஞர் எம்மா ஜான்சனும் வென்றனர். தாளக் கருவிகள் 1994இல்தான் சேர்க்கப்பட்டன. 1998இலேயே பட்டம் ஏட்ரியன் ஸ்பில்லெட் வழியாக அப்பிரிவுக்குச் சென்றது.

2000ஆம் ஆண்டு இறுதிச் சுற்றில் ஷோஸ்டகோவிச்சின் முதல் செலோ கான்செர்ட்டோவை வாசித்துக்கொண்டிருந்த கை ஜான்ஸ்டனின் தந்தி அறுந்தது. மேடையை விட்டுச் சென்று, தந்தியை மாற்றிக்கொண்டு திரும்பி வந்து வாசித்து, பட்டத்தையும் வென்றார். அதே படைப்பை வாசித்து 2016இல் வென்ற ஷேக்கு கன்னே-மேசன், இப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர்.

ஜெனிஃபர் பைக் (வயலின், 2002), பீட்டர் மூர் (டிராம்போன், 2008) இருவரும் 12 வயதில் வென்றவர்கள். மூர் 18 வயதில் லண்டன் சிம்பொனி இசைக்குழுவில் முதன்மை டிராம்போன் கலைஞர்களுள் ஒருவரானார்.

பட்டத்தைத் தவறவிட்டவர்களின் வரிசையும் சிறியதல்ல. 1990இல் பியானோப் பிரிவில் இரண்டாமிடம் பெற்ற தாமஸ் அடேஸ் பின்னாளில் பிரிட்டனின் முன்னணி இசையமைப்பாளர்களுள் ஒருவரானார். 2004இல் விசைப்பலகைப் பிரிவை 11 வயதில் வென்ற பெஞ்சமின் குரோவ்னர், இறுதியில் வயலின் கலைஞர் நிக்கோலா பெனடெட்டியிடம் தோற்றார்; இன்று அவர் உலக மேடைகளில் வாசிக்கும் பியானோ கலைஞர்.